திடல் யாருக்கு? சென்னைப் புறநகரில் கால்பந்துப் பயிற்சியும் நிலத்தின் வரலாறும்

2024 அக்டோபர் இறுதியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. செயற்கைப் புல் பதித்த 9 கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விடுவது. விளையாட வருவோரிடம் ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்குவது. எதிர்ப்பு உடனே கிளம்பியது. ஆளுங்கூட்டணிக்குள்ளிருந்தே குரல்கள் எழுந்தன. கட்டணம் கிடையாது, மாநகராட்சியே பராமரிக்கும் என்று மேயர் சீக்கிரமே அறிவித்தார். செய்தித்தாள்களுக்கு விஷயம் அத்தோடு முடிந்தது.

நமக்கு முடியவில்லை, தோழர்களே. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடியிருப்பின் சிறுவர் அணி என்றால் குறைந்தது 20 பிள்ளைகள். மணிக்கு 2,400 ரூபாய். வாரம் ஐந்து நாள், நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் வாரத்துக்கு 12,000. நான்கு வாரத்துக்கு 48,000. வீட்டு வேலைக்குப் போகும் நான்கைந்து தாய்மார்களின் மாத வருமானம் அது. பந்து, ஸ்டட்ஸ், வண்டிச் செலவு எதுவும் இதில் சேரவில்லை. மண்ணில் கால் வைப்பதற்கு மட்டும் இவ்வளவு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2022 உள்ளாட்சித் தேர்தலில் சென்னை, தாம்பரம் இரண்டு மாநகராட்சிகளின் மேயர் பதவிகளும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. சென்னைக்கு முதல் தலித் பெண் மேயர் கிடைத்தார். புதிதாக உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு முதல் மேயரே தலித் பெண். இது போராடிப் பெற்ற பிரதிநிதித்துவம், அதைக் குறைத்துப் பேச நாங்கள் தயாரில்லை. ஆனால் அந்த 120 ரூபாய்த் தீர்மானமும் அதே மன்றத்தில்தான் நிறைவேறியது. நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்தால் திடல் தானாக நம் கைக்கு வந்துவிடாது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது வீதியில் எழுந்த சத்தத்தால்.

தாம்பரத்தைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பிள்ளைகளோடு வேலை செய்யும் நாங்கள் சில ஆண்டுகளாகக் கவனித்து வருவது ஒன்று உண்டு. கால்பந்துப் பயிற்சி என்றவுடன் எல்லோரும் திறமை, ஒழுக்கம், சத்துணவு என்று பேசுகிறார்கள். நம் பகுதிப் பயிற்சியாளரின் முதல் வேலை இவை எதுவுமில்லை. இடம் பிடிப்பதும், பிடித்த இடத்தைக் காப்பாற்றுவதும்தான் அவருடைய முதல் வேலை. பந்தைச் சொல்லிக்கொடுப்பது அதற்குப் பிறகு. இது ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் வரலாற்றுக்குள் போக வேண்டியிருக்கிறது.

மதராஸ் ஜிம்கானா கிளப் 1884இல் தொடங்கப்பட்டது. வெள்ளைக்காரர்கள் விளையாடினார்கள்; திடலைப் பெருக்கியது, உருளை இழுத்தது, தண்ணீர் தெளித்தது யார் என்று எந்தக் கிளப் வரலாறும் விரிவாக எழுதுவதில்லை. புனேயில் நடந்தது பதிவாகியிருப்பதால் அதை வைத்து இதையும் ஊகிக்கலாம். சமார் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலு, புனேயில் ஒரு வெள்ளைக்காரர் கிளப்பில் மாதம் 4 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடுகளம் உருட்டினார், வலை கட்டினார், வெள்ளைக்காரர்களின் மட்டைப் பயிற்சிக்காக மணிக்கணக்கில் பந்து வீசினார். மட்டையை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. 1911இல் இங்கிலாந்து போய் 100க்கும் மேல் விக்கெட் எடுத்துத் திரும்பிய பிறகும் இந்து அணியின் தலைமையை அவருக்குத் தரவில்லை. அவருடைய தம்பி விட்டல் 1923இல் அந்தத் தலைமையைப் பெற்றபோது அது பாலுவின் தலைமுறை முழுதும் சண்டையிட்டு வாங்கியதாக இருந்தது. (1937 பம்பாய்த் தேர்தலில் பாலு காங்கிரஸ் சார்பில் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பது தனிக் கதை. அதையும் ஒருநாள் பேச வேண்டும்.) திடலை உருவாக்கும் கை ஒன்று, திடலை ஆளும் கை வேறொன்று என்ற ஏற்பாடு அன்றே தொடங்கிவிட்டது.

இனி நம் ஊருக்கு வருவோம். தாம்பரம் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவின் ஆட்சியராக இருந்த ஜேம்ஸ் திரமென்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை குறித்து ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாமை மட்டுமல்ல, சேரி மக்கள் குடியிருந்த மனைக்கே மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள்; எதிர்த்துப் பேசினால் வீட்டை விட்டுத் துரத்த முடிந்தது என்பதை அவர் எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892இல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை. மாகாணம் முழுதும் 12 லட்சம் ஏக்கர் அளவுக்கு வழங்கப்பட்டதாகச் சொல்லப்படும் அந்த நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் விழுந்தார்கள். காரணைப் போராட்டம் நடந்த மண் தாம்பரத்திலிருந்து பேருந்தில் போய்த் திரும்பும் தொலைவுதான்.

கால்பந்துக் கட்டுரையில் பஞ்சமி நிலம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். படுக்கும் மனைக்கே பட்டா இல்லாத குடியிருப்புக்கு விளையாட்டுத் திடல் எங்கிருந்து வரும்? ஊர்ப் பக்கம் மந்தைவெளி இருந்தது, கோயில் திடல் இருந்தது. சேரிப் பக்கம் பாதையே பிரச்சினையாக இருந்தது. ஊர்த் திடலில் சேரிப் பையன்கள் பந்து உதைக்கப் போய் அடிதடியில் முடிந்த கதை ஒவ்வொரு குடியிருப்பிலும் பெரியவர்களிடம் இருக்கிறது. போய்க் கேட்டால் சொல்வார்கள்.

தாம்பரம் நகரமாக வளர்ந்தது ரயிலோடு. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கமிருந்து இங்கே இடம்பெயர்ந்தது. பிறகு விமானப் படைத் தளம். இந்த வளர்ச்சியில் திறந்தவெளிக்குப் பஞ்சம் இல்லை. கல்லூரி வளாகம், ரயில்வே நிலம், படை நிலம் என்று எங்கு பார்த்தாலும் பச்சை. அத்தனைக்கும் மதில், அத்தனைக்கும் வாயிலில் காவலாளி. அவை தங்கள் மாணவர்களையும் ஊழியர்களையும் விளையாட வைத்தன, மறுப்பதற்கில்லை. ஆனால் மதிலுக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்கு மிஞ்சியது ஏரி. கோடையில் நீர் வற்றிய ஏரிப் படுகை நம் பகுதியின் உண்மையான கால்பந்து அகாதமி. பங்குனி தொடங்கி ஆடி வரை ஆட்டம், மழை வந்தால் விடுமுறை. அந்த ஏரிகளையும் வீட்டுமனைகளும் குப்பையும் தின்றுவிட்டன.

நாக்பூரில் நடந்ததை இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அங்கே கல்லூரி விளையாட்டு ஆசிரியராக இருந்த விஜய் பர்சே, குடிசைப் பகுதிப் பிள்ளைகள் உடைந்த வாளியை உதைத்து விளையாடுவதைக் கண்டு அவர்களுக்குப் பந்து கொடுத்தார். 2001 வாக்கில் அது 'ஸ்லம் சாக்கர்' அமைப்பாக வளர்ந்தது. நாகராஜ் மஞ்சுளே 2022இல் எடுத்த 'ஜுண்ட்' படம் இதன் மேல் எழுப்பப்பட்டது. படத்தில் அமிதாப் பச்சனைவிட எங்களை உலுக்கியது கல்லூரிக்கும் குடிசைப் பகுதிக்கும் நடுவில் நிற்கும் அந்த மதில். ஒரு நல்ல மனிதர் மதிலுக்கு உள்ளேயிருந்து கையை நீட்டினார், கதை நடந்தது. நல்லதுதான். ஆனால் எல்லா மதிலுக்குப் பின்னாலும் ஒரு நல்ல மனிதர் இருப்பார் என்று நம்பிக்கொண்டு ஒரு சமூகம் காத்திருக்க முடியாது.

அதனால்தான் வியாசர்பாடி எங்களுக்கு அதிக முக்கியமானது. வடசென்னையின் பி அண்டு சி ஆலை 1996இல் மூடப்பட்டது. பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட ஆலை அது. 1921 வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நடந்த வரலாறு அதற்கு உண்டு. ஆலை போன பிறகு அந்தப் பகுதி இளைஞர்களைப் பற்றி நகரம் பேசியதெல்லாம் ரவுடி, கஞ்சா, கத்தி. சினிமாவும் அதையே காட்டியது. அந்த ஆண்டுகளில்தான் உமாபதி, தங்கராஜ் என்ற இரண்டு சகோதரர்கள் முல்லை நகர்த் திடலில் பிள்ளைகளைச் சேர்த்துக் கால்பந்து சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். பின்னர் அது குடிசைப் பகுதிக் குழந்தைகளின் விளையாட்டுத் திறன் மற்றும் கல்வி மேம்பாட்டுச் சங்கமாக ஆனது. பெயரிலேயே பந்தும் படிப்பும் சேர்ந்து நிற்கின்றன. பள்ளிக்கூடம் போகாதவனுக்கு ஆட்டம் இல்லை. ஆட்டம் முடிந்தால் மாலைப் படிப்பு. பெண் பிள்ளைகளும் வந்தார்கள். வியாசர்பாடிக்கு 'மினி பிரேசில்' என்ற பெயர் வந்தது. அங்கிருந்து போன தன்பால் கணேஷ் இந்திய அணிக்கு ஆடினார், 2017–18 ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் இருந்தார்.

இவர்கள் வெளியிலிருந்து வந்த மீட்பர்கள் இல்லை, அதே தெருக்களில் வளர்ந்தவர்கள். அவர்கள் செய்ததில் பெரிய விஷயம் நட்சத்திரங்களை உருவாக்கியது என்று பத்திரிகைகள் எழுதும். எங்கள் பார்வையில் பெரிய விஷயம், ஒரே திடலில் ஆண்டுக்கணக்கில், நாள் தவறாமல் போய் நின்றது. தினம் மாலை அறுபது பிள்ளைகள் ஓடும் இடத்தில் சீட்டாட உட்காருவது கடினம், குப்பை கொட்டுவது கடினம், வேலி போடுவதும் கடினம். திடலுக்குப் பட்டா இல்லை. ஆனால் அங்கே ஓடிய கால்கள் பட்டாவுக்குச் சமமான ஒன்றை எழுதின.

அதே வியாசர்பாடி இன்னொன்றையும் நமக்குக் காட்டியது. 2022 நவம்பரில் அந்தப் பகுதியின் 17 வயது கால்பந்து வீராங்கனை, கல்லூரி மாணவி, முழங்கால் சவ்வு அறுவை சிகிச்சைக்காக அரசு மருத்துவமனைக்குப் போனார். சிகிச்சையில் நேர்ந்த கவனக்குறைவால் ரத்த ஓட்டம் நின்று காலை அகற்ற வேண்டியதாயிற்று. சில நாட்களில் உயிரும் போனது. மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், குடும்பத்துக்கு நிவாரணம் தரப்பட்டது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மூட்டு பிசகினால் தனி மருத்துவர், தனி பிசியோ. நம் பிள்ளைக்கு அதே காயம் உயிர் ஆபத்து. காயம் பட்ட அன்றே யாரிடம் காட்டுவது, எந்த ஸ்கேன் எங்கே இலவசம், என்ன கேள்வி கேட்பது என்பதெல்லாம் நம் பகுதிப் பயிற்சியாளரின் பாடத்திட்டத்தில் வந்தாக வேண்டும். பந்தைக் கட்டுப்படுத்தச் சொல்லித்தரும் எந்தச் சான்றிதழ் வகுப்பும் அதைப் போதுமான அளவு சொல்லித்தராது.

தென்சென்னைப் பக்கம் வந்தால் கதை வேறு மாதிரி. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது மக்கள் இருக்கும் இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவது கொள்கையாக இருந்தது. பிறகு அது நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதாக மாறியது. 2000 முதல் கண்ணகி நகர், 15,656 வீடுகள். அடுத்து செம்மஞ்சேரி, 6,764 வீடுகள். பின்னர் பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் 20 ஆயிரத்துக்கும் மேல். இப்படி மொத்தமாகக் குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதி யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. வாரியத்தின் பெயர் 2021இல் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. பெயர் மாறியதால் பிள்ளைகளுக்கு ஓட இடம் கூடவில்லை.

ஒரு குடியிருப்பைப் பெயர்க்கும்போது வீடு, பள்ளி, வேலை என்று இழப்புகளைக் கணக்கிடுகிறோம். அணியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அனகாபுத்தூரில் 2025 மே மாதம் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் வெவ்வேறு இடங்களுக்கு அனுப்பப்பட்டன. இப்படிச் சிதறும் இடங்களில் கோல் கீப்பர் ஒரு ஊரில், ஸ்ட்ரைக்கர் இன்னொரு ஊரில். பத்து வயதில் சேர்ந்து பதினைந்து வயதில் ஒருவரையொருவர் கண் அசைவில் புரிந்துகொள்ளும் ஓர் அணியை உருவாக்க ஐந்து ஆண்டு வேண்டும். கலைக்க ஒரு பொக்லைன் போதும். அதோடு பிறப்புச் சான்று, ஆதார், பள்ளி மாற்றுச் சான்று எல்லாம் தொலைகின்றன. வயதுச் சான்று இல்லாத பிள்ளையை எந்த லீக்கிலும் பதிவு செய்ய முடியாது. எங்கள் பகுதியில் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துப் போகும் இளைஞர்களின் பையில் பந்துக்குக் காற்றடிக்கும் பம்பைவிட நகல் காகிதங்கள்தான் அதிகம் இருக்கும்.

2018இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 'கோல்டன் பேபி லீக்' என்ற பெயரில் சிறுவர் லீக்குகளைத் தொடங்கியது. பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சிறிய திடல், குறைந்த ஆட்கள், நிறைய ஆட்டங்கள். யோசனை நல்லது. எட்டு வயதுப் பிள்ளையைப் பெரிய திடலில் பதினொரு பேரோடு நிறுத்தினால் பந்தே கிடைக்காது. ஐந்துக்கு ஐந்து என்றால் எல்லோர் காலிலும் பந்து படும். சிறிய திடல் போதும் என்பது நமக்குச் சாதகமான செய்தியும்கூட. ஆனால் புறநகரில் அந்தச் சிறிய திடல் எங்கே இருக்கிறது? இரவு விளக்கோடு, வலைக் கூண்டுக்குள், மணிக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் வாடகைக்கு. ராஜகீழ்ப்பாக்கம் தொடங்கி மேடவாக்கம் வரை இப்படி எத்தனை முளைத்திருக்கின்றன என்று பேருந்து ஜன்னலிலிருந்தே எண்ணலாம். அங்கே பிள்ளைகள் பயிற்சியாளரை 'கோச்' என்கிறார்கள். நம் பக்கத்தில் 'அண்ணா'. சம்பளம் வாங்குவது கோச் மட்டும்தான்.

இந்த அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் உரிமச் சான்றிதழ் வேண்டும். அதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. சான்றிதழ் என்பதே கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கான இன்னொரு வாயிற்காவல் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் வாங்கத்தான் வேண்டும் என்பது எங்கள் பெரும்பான்மை முடிவு. சான்றிதழ் இல்லாத அண்ணன் பத்து ஆண்டு உழைத்து உருவாக்கிய பிள்ளையைச் சான்றிதழ் உள்ள அகாதமி ஒரே நாளில் தன் பெயரில் பதிந்துகொள்வதைப் பார்த்துவிட்டோம். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட போட்டிச் சான்று இருந்தால்தான் அது பயன்படும். ஏப்ரல் 14ஐ ஒட்டி நாம் நடத்தும் அம்பேத்கர் கோப்பையில் வாங்கிய கேடயம் அதற்கு உதவாது. கேடயத்தின் மதிப்பு நமக்குத் தெரியும், தேர்வாணையத்துக்குத் தெரியாது.

திருச்சூர் நகராட்சி விளையாட்டரங்கில் ஒரு தலித் சிறுவன் சோடா விற்றான், பாட்டிலுக்குப் பத்துக் காசு. ஐ.எம். விஜயன். பதினேழு வயதில் கேரளக் காவல்துறை அணிக்குள் போனார், பிறகு இந்திய அணியின் தலைவர் ஆனார். 1999இல் பூட்டானுக்கு எதிராக 12ஆம் வினாடியில் கோல் அடித்தார். 2025இல் பத்மஸ்ரீ. வறுமையை வென்ற கதை என்று இதைப் பாடப்புத்தகம் சொல்லும். நாங்கள் வேறொன்றைக் கவனிக்கிறோம். அவர் வீட்டுக்கு நடக்கும் தூரத்தில் ஓர் அரங்கம் இருந்தது. சோடா விற்கவாவது உள்ளே போக முடிந்தது. பொதுப் பணத்தில் நடக்கும் ஓர் அணி அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்தக் கால்களை உலகம் பார்த்திருக்காது.

கண்ணகி நகர் கார்த்திகா விஷயமும் அப்படித்தான். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவர் அவர். மாநில அரசு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அதுவரை குற்றச் செய்திகளில் மட்டுமே அடிபட்ட பகுதியின் பெயர் முதல் பக்கத்துக்கு வந்தது. மறுகுடியமர்வுப் பகுதியில் கபடி வளர்ந்து கால்பந்து ஏன் பின்தங்கியது என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். கபடிக்கு 13 மீட்டருக்குப் 10 மீட்டர் இருந்தால் ஆண்கள் களமே போடலாம், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் உள்ள இடமே போதும். கால்பந்துக்கு அது போதாது. எந்த விளையாட்டில் நம் பிள்ளைகள் வெல்வார்கள் என்பதைப் பாதி நேரம் கட்டட வரைபடம்தான் முடிவு செய்கிறது.

வரைபடம் என்றதும் ஒன்று. தமிழ்நாட்டின் கட்டட வளர்ச்சி விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவோ அடுக்குமாடித் திட்டமோ வந்தால், சாலை நீங்கலாகப் பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்டலாம். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். வேளச்சேரி முதல் வண்டலூர் வரை இத்தனை ஆண்டுகளாக எழும்பிய அடுக்குமாடிகளை நினைத்துப் பாருங்கள். அந்தப் பத்து விழுக்காடுகள் எங்கேயோ இருக்கின்றன. சில பூங்காவாகியிருக்கும், சில வாயிற்கதவுக்கு உள்ளே குடியிருப்போர் சங்கத்தின் வாகன நிறுத்தமாகியிருக்கும், சில முள்மண்டிக் கிடக்கும்.

ஆகவே கல்லூரித் தோழர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. பந்து வாங்கப் பணம் திரட்டுவது இருக்கட்டும், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். உங்கள் வார்டில் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்ட திறந்தவெளி நிலங்களின் சர்வே எண், பரப்பு, ஒப்படைக்கப்பட்ட நாள், இன்றைய பயன்பாடு ஆகியவற்றைக் கேளுங்கள். பதில் வந்தவுடன் நேரில் போய்ப் படம் எடுங்கள். உள்ளூர் அணியின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்துக்கு ஐந்து ஆட இடம் போதுமா என்று அவர்கள் அடி வைத்தே அளந்து சொல்லிவிடுவார்கள். பிறகு ஆணையருக்கு மனு எழுதும்போது சர்வே எண்ணை மறக்காமல் மேலே எழுதுங்கள். எண் இல்லாத மனுவுக்கு 'இடம் இல்லை' என்று ஒரு வரியில் பதில் வரும்.